வாயிலில் நிற்கும் கனவு



திருவிழா நாட்களில் விரிவுரை முடிந்து, திருநீறு பெற்றுச் செல்லும் அன்பர்கள் நம்மிடம் கேட்கும் ஐயங்கள் பல. அவற்றுள் ஒன்று பல்லாண்டுகளாக மாறாமல் இருக்கிறது. சேலத்திலும் ஆத்தூரிலும் இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் அதனைக் கேட்டிருக்கிறோம். தறி நெய்வோர், லாரித் தொழிலில் உள்ளோர், மரவள்ளி பயிரிடும் வேளாண் பெருமக்கள், பள்ளி ஆசிரியர் என வேறுவேறு வாழ்வினர் ஏறக்குறைய ஒரே கனவைச் சொல்கின்றனர். "ஏனுங்க சாமி, கூட்டத்துல நின்னுட்டே இருக்கற மாதிரி கனா வருதுங்க. வரிசை நகரவே மாட்டேங்குது. என்ற முறை வர்றப்பத் திரை போட்டுடறாங்க. இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

இக்கனவு இந்தச் சமவெளியில் பிறப்பதில் வியப்பில்லை. திருச்செங்கோட்டு வைகாசி விசாகத் தேர், சேலம் கோட்டை மாரியம்மனின் ஆடித் திருவிழா, காளிப்பட்டிக் கந்தசுவாமியின் தைப்பூசம், ஆடிப் பதினெட்டன்று கொல்லிமலை அறப்பளீசுவரர் திருமுன்பு கூடும் பெருங்கூட்டம் என ஆண்டு முழுதும் நம் மக்கள் எங்கேனும் ஓரிடத்தில் தேங்காய்ப் பழத் தட்டோடு நின்றவாறே இருக்கின்றனர். விழாவுக்குச் செல்லப் பேருந்து நிலையத்தில் நிற்பர். சென்றபின் கோயிலில் நிற்பர். திரும்புதற்கு மீண்டும் பேருந்து நிலையத்தில் நிற்பர். பகலெல்லாம் நின்ற கால் இரவிலும் நிற்கிறது என்று சொல்லி இவ்வையத்தைக் கடந்துவிடலாம். அவ்விடை பிழையன்று. ஆயினும் கேட்பவர் முகத்தைப் பார்த்தால் அது போதாதென்று தோன்றுகிறது. திரை விழுந்தது என்று சொல்லும்போது அவர்தம் குரல் தாழ்கிறது. ஆண்டவன் தம்மை விலக்கினானோ என்ற அச்சமே அவ்வினாவின் உள்ளே இருப்பது.

நம் முன்னோர் கனவை இகழவில்லை. பொன்னவன் என்பார் பெயரால் வழங்கும் கனாநூல் என்னும் சிறுநூல் ஒன்று தமிழில் உண்டு. இரவை நான்கு யாமமாகப் பகுத்து, முதல் யாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும் என்றும், யாமம் ஏற ஏறக் காலம் குறுகிக் கடை யாமத்துக் கனவு பத்து நாளில் பலிக்கும் என்றும் அது கூறும். விடியற்காலைக் கனவு விரைவில் பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொல்வது இவ்வழி வந்ததே. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்று ஒரு காதையே அமைந்துள்ளது. தானும் கணவனும் ஒரு பேரூர் புக்கதாகவும், ஆங்கு அயலார் தம்மேல் அடாப் பழியொன்றை இட்டதாகவும் கண்ணகி கண்ட கனவை அக்காதையில் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி அதற்கொரு பரிகாரம் கூறுகிறாள்: சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டம் தொழுக என்கிறாள். கண்ணகி அது தனக்குப் பெருமையன்று என்று ஒரே சொல்லால் மறுத்துவிடுகிறாள். கனவு பின்னர்ப் பலித்தது. பலித்ததனால் அவள் மறுத்தது தவறென்று இளங்கோவடிகள் யாண்டும் சொல்லவில்லை. கனவுக்குப் பலன் சொல்லிக் கைநீட்டிப் பணம் பெறுவோர் இக்காதையை ஒருமுறையேனும் படிப்பது நன்று; ஆனால் அவர் படிக்கமாட்டார்.

இனி, கனாநூல் முதலியன தம் காலத்து உலகில் நின்று குறி சொல்லியவை. இன்று நாம் காணும் நீண்ட தரிசன வரிசையை அவற்றில் தேடுவதில் பயனில்லை. இக்கனவின் இயல்பை உள்ளவாறு காட்டுவது நம் சைவ சித்தாந்தமே.

உயிர் உடம்பொடு கூடி நிற்கும் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுத்தனர் நம் ஆசிரியர். சிவஞானபோதத்து நான்காம் சூத்திரம் இதனைத் தொட்டுச் செல்கிறது. வழிநூலாகிய சித்தியார் விரிக்கிறது. நனவாகிய சாக்கிரத்தில் உயிர் புருவ நடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படும். கனவாகிய சொப்பனத்தில் கண்டத்தில் நிற்கும். அப்போது பத்துக் கருவிகள் கழன்று போக, இருபத்தைந்தே உடன் இருக்கும். உறக்கமாகிய சுழுத்தியில் இதயத்தில் மூன்றே எஞ்சும். கனவுக்கு வரும்போது கழலும் பத்து எவை? செவி முதலிய அறிகருவி ஐந்தும், வாக்கு, கால், கை முதலிய தொழிற்கருவி ஐந்தும் ஆகும். உடன் வருவன எவை? ஓசை முதலிய புலன் ஐந்து, பேசுதல், நடத்தல், கொடுத்தல் முதலிய தொழில் ஐந்து, வாயு பத்து, மனம் முதலிய அந்தக்கரணம் நான்கு, புருடன் ஒன்று.

அன்பர்கள் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ண வேண்டுகிறோம். கால் என்னும் கருவி பின்தங்கிவிட்டது. நடத்தல் என்னும் தொழில் மட்டும் கனவிற்குள் வந்துவிட்டது. நடக்க வேண்டும் என்ற முனைப்பு உண்டு. நடப்பதற்குக் கால் இல்லை. கூவ வேண்டும் என்ற துடிப்பு உண்டு, வாக்கு இல்லை. கனவில் ஓட முயன்றும் ஓட முடியாமல் தவித்தோம் என்றும், கூப்பிட்டும் குரல் எழவில்லை என்றும் உலகோர் சொல்வதற்கு இதனினும் தெளிவான விளக்கம் ஒன்றை நாம் கண்டதில்லை. வரிசையில் நின்று நகரமாட்டாமை பெரும்பகுதி இந்நிலையின் இயற்கையே ஆகும். இதனைத் தெய்வக் குற்றம் என்று கருதி ஆயிரக்கணக்கில் செலவு செய்வார் செய்வது வீண் செலவு.

அங்ஙனமாயின் கனவில் இறைவன் உணர்த்துவதே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அதனை ஏற்பதற்கும் ஒரு முறை உண்டு. காங்கேயத்தை அடுத்த சிவன்மலைக்கு நம் பகுதியிலிருந்தும் அன்பர்கள் செல்வர். அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என ஒன்று முன்மண்டபத்தில் உள்ளது. முருகப்பெருமான் எவரேனும் ஓர் அடியவர் கனவில் தோன்றி இன்ன பொருளை வைக்கச் சொன்னார் என்றால், அவர் வந்து கோயிலில் தெரிவிப்பார். கோயிலார் அச்சொல்லை அப்படியே ஏற்பதில்லை. திருமுன்பு பூப்போட்டுக் கேட்பர். உத்தரவு கிடைத்தால்தான் மண்ணோ நீரோ அரிசியோ மஞ்சளோ, சொல்லப்பட்ட அப்பொருள் பெட்டியில் வைக்கப்பெறும். அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கே இருக்கும். அதன் பலன் யாது என்பதைப் பலரும் பலவாறு பேசுவர். அப்பேச்சில் நாம் புகவில்லை. ஒருவர் உறங்கிக் கண்டதை அவர் ஒருவர் சொல்லாலேயே ஊர் ஏற்பதில்லை என்ற அந்த முறை நம் கருத்தைக் கவர்கிறது.

இனிப் பெரியபுராணத்துக்கு வருவோம். வாயிலில் நின்றார் வரலாறுகளும் கனவின் வரலாறுகளும் ஒருங்கே அமைந்த நூல் அது. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும்.

திருஎருக்கத்தம்புலியூரில் பாணர் குலத்தில் தோன்றியவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். மதுரைக்குச் சென்றார். ஆலவாய் அண்ணல் திருக்கோயில் வாயிலில் நின்றார். அக்காலத்து வழக்கின்படி அவர் உள்ளே செல்ல இயலாது. நின்றவர் கேட்டைத் தட்டவில்லை, எவரையும் இரக்கவுமில்லை. யாழை எடுத்து இறைவன் புகழை இசைத்தார். அன்றிரவு கனவு வந்தது. எவருக்கு? வெளியே நின்ற பாணருக்கு அன்று. உள்ளே பணிசெய்யும் தொண்டர் அனைவருக்கும் வந்தது. மறுநாள் அவர்களே அப்பெரியாரை அழைத்துச் சென்று திருமுன்பு நிறுத்தினர். அங்கும் நிற்கவில்லை பெருமானின் பரிவு. ஈரத் தரையில் யாழ் இருந்தால் நரம்பின் கட்டுத் தளரும், பலகை இடுக என்று வானொலி எழுந்தது, பொற்பலகை இட்டனர். பின்னர்த் திருவாரூரில் அவர் வாயில்முன் நின்று இசைத்தபோது, இறைவன் வடதிசையில் வேறொரு வாயிலே வகுத்தருளினான் என்பர். இடையே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் இன்று ஓதும் தேவாரத்துக்குப் பண் அடைவு வகுத்துத் தந்தவர், இந்நாயனார் மரபில் வந்த ஓர் அம்மையார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். வாயிலுக்குப் புறத்தே நின்ற மரபு இல்லையேல் வாயிலுக்கு உள்ளே நிகழும் ஓதல் இல்லை.

அடுத்து, ஆதனூர் நந்தனார். தில்லைக்கு நாளைப் போவேன், நாளைப் போவேன் என்றே நாள்களைக் கழித்தவர். ஒருநாள் துணிந்து சென்றார். தில்லை எல்லையில் வேள்விப் புகை எழக் கண்டார். மறை ஓதும் மடங்கள் நிறைந்திருக்கக் கண்டார். நம் பிறப்பு இதனுள் புக இசையாதே என்று நினைந்து நகரின் புறத்தே இரவும் பகலும் வலம் வந்தார். வருந்தித் துயின்றார். கனவில் இறைவன் தோன்றினான். இப்பிறவி நீங்க எரியில் மூழ்கி மறையோரோடு அணைக என்றான். அதே இரவில் தில்லைவாழ் அந்தணர் கனவிலும் தோன்றி எரி அமைக்கப் பணித்தான். தென்மதிற் புறத்து வாயிலின்முன் தீ அமைத்தனர். நந்தனார் மூழ்கி முனிவர் வடிவினராய் எழுந்து, அம்பலம் புக்கு, பின் எவர் கண்ணுக்கும் புலப்படாராயினார்.

இவ்விடத்தில் பல்லாண்டு விரிவுரை செய்தும் நம் நா தயங்குகிறது. மதுரையில் கனவு ஒன்றே போதியதாயிற்று. பாணனார் தம் யாழோடு தாமாகவே உட்சென்றார். தில்லையில் கனவோடு தீயும் வேண்டப்பட்டது. சேக்கிழார் பெருமான் திருவாக்கை மாற்றிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதனை எரி என்றும் அருள் என்றும் அவர் பாடியவாறே பாடுகிறோம். ஆயினும் நந்தனார் தீப்புகும் பாட்டைச் சொல்லும்போது பந்தலின் கடைசியில் நிலத்தில் அமர்ந்து கேட்பவர்களை நோக்காமல் சொல்ல நம்மால் இயல்வதில்லை. ஒன்றை மட்டும் அவர்களுக்கு எடுத்துக் காட்டுவது நம் வழக்கம். சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத் தொகையில் இவரை நந்தன் என்று குறிக்கவில்லை. திருநாளைப்போவார் என்றே குறித்தார். காத்திருந்த செயலே திருப்பெயராகி அறுபத்துமூவர் வரிசையில் அமர்ந்துவிட்டது. காத்து நிற்பதாகக் கனாக் காண்பவர் அதனைத் தீய குறி என்று அஞ்சுவதற்கு இப்பெயர் ஒன்றே இடந்தராது.

மூன்றாவது, காஞ்சிக் கற்றளி எடுத்த காடவர்கோன். பொருளும் ஆளும் கொண்டு கோயில் முடித்து, கடவுள் மங்கலத்துக்கு நாள் குறித்தான். முதல்நாள் இரவு இறைவன் அவன் கனவில் வந்து, நின்றவூர்ப் பூசல் நெடுநாள் நினைந்து சமைத்த ஆலயத்துள் நாளை நாம் புகுகின்றோம், உன் விழாவைப் பின்னொரு நாள் கொள்க என்றான். அரசனும் அவன் பரிவாரமும் காத்திருக்க வேண்டியதாயிற்று. செல்வர் முன்னும் எளியோர் பின்னுமாக உலகம் வகுத்த வரிசை அன்றிரவு தலைகீழானது. மன்னன் சினவாமல் நின்றவூர் சென்று, பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று வினவினான். அவ்வூர் மறையோர் அப்படியொரு கோயில் இல்லை என்றனர். நெஞ்சினுள் கட்டிய கோயிலை எவர் கண்டார்? இக்காடவர்கோனை இரண்டாம் நரசிம்மவர்மனாகிய இராசசிம்ம பல்லவன் என்றும், கற்றளியைக் காஞ்சிக் கைலாசநாதர் கோயில் என்றும் வரலாற்றறிஞர் கொள்வர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டிய அக்கோயிலின் வடமொழிக் கல்வெட்டு, அம்மன்னன் வானொலி கேட்டவன் என்று புகழ்கிறது. கல்லில் உள்ளதும் சொல்லில் உள்ளதும் ஒன்றையே குறிக்கும் என்று கருதுவோர் கருத்து ஏற்புடையதே.

இம்மூன்றையும் சேர்த்து நோக்குக. வாயில் எவர் கையில் இருந்ததோ, மூன்றிடத்தும் அவர் கனவிலேயே இறைவன் சென்றான். தொண்டர் கனவில், அந்தணர் கனவில், அரசன் கனவில். நந்தனார்க்கும் கனவு வந்தது உண்மை. ஆனால் அவர் ஒருவர்க்கே வந்திருந்தால் தில்லையில் எவர் நம்பியிருப்பார்? உள்ளிருப்போர் விழித்தெழுந்து வெளியே வந்தபின்னரே வெளியே நின்றவர் உள்ளே சென்றார்.

இவ்வரலாறு புராணத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் ஒரு பகுதி நாம் வாழும் இச்சமவெளியிலேயே நடந்தது. திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடிய திருச்செங்கோட்டைச் சுற்றி இரண்டு சிற்றூர்கள். ஒன்று புதுப்பாளையம், சேலத்தில் வழக்கறிஞராய் விளங்கிய இராசகோபாலாச்சாரியார் 1925-இல் காந்தி ஆசிரமம் நிறுவிக் கதரும் மதுவிலக்கும் தீண்டாமை ஒழிப்பும் பணியாகக் கொண்ட இடம். மற்றொன்று குமாரமங்கலம், அதன் சமீன்தாரும், 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராய் இருந்தவருமான டாக்டர் சுப்பராயன், 1932-இல் ஆலயப் பிரவேசத்துக்கு வழிசெய்யும் மசோதா ஒன்றைச் சென்னைச் சட்டசபைக்குக் கொண்டுவர முனைந்தார். 1933 சனவரியில் வைசிராய் அதற்கு அனுமதி மறுத்துவிட்டார். வரிசை நகரவில்லை, திரை விழுந்தது.

மீண்டும் ஆறாண்டுகள் கழிந்தன. 1939 சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட பெருமக்களை அழைத்துச் சென்றார். யாழ்ப்பாண நாயனார் நின்று இசைத்த அதே ஆலவாய்! புதுப்பாளையத்து ஆசிரமத்தார் அப்போது மாகாணத்தின் முதலமைச்சர். அவ்வாண்டிலேயே ஆலயம் திறந்துவிட்டோரைக் காக்கும் சட்டம் வந்தது. அனைத்து இந்துக்களுக்கும் கோயில் திறக்கும் சட்டம் 1947-இல் வந்தது. பாணனார் காலத்துக்கும் அதற்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள். பெரியபுராணத்தை நாள்தோறும் பூசித்த நாடுதான் இத்தனை காலம் உறங்கிற்று. தொண்டர்க்கு வந்த அந்த ஓரிரவுக் கனவு பிறகு எவருக்கும் வரவில்லையா, வந்தும் காலையில் மறந்துவிட்டனரா? சட்டம் வந்தும் வழக்குத் தீர்ந்தபாடில்லை. 2023, 2024-ஆம் ஆண்டுகளில்கூட நம் சேலம் மாவட்டத்துச் சில ஊர்க்கோயில்களில் உள்ளே வருவது பற்றிப் பூசல் எழுந்ததைச் செய்தித்தாளில் படித்தோம். அவ்வூரார் பலரும் நம் போன்றோரின் சொற்பொழிவைக் கேட்பவர்களே.

செங்குன்றூரில் சம்பந்தப்பெருமான் தங்கியிருந்தபோது உடன்வந்த அடியவர்களைக் குளிர்சுரம் பற்றியது. பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடினார், சுரம் தீர்ந்தது. அவர்களுக்கு மட்டுமோ? அந்நாட்டில் எவரையும் அது பின்னர் அணுகாதவாறு நீங்கிற்று என்று சேக்கிழார் கூறுகிறார். தம்மவர்க்கென்று ஒரு தனி வரிசை அப்பதிகத்தில் இல்லை. காசுக்கு ஒரு வரிசை, சிபாரிசுக்கு ஒரு வரிசை என்று நாம் கம்பி கட்டி வைத்திருப்பதைப் பிள்ளையார் காண நேர்ந்தால் எந்த வரிசையில் நிற்பார் என்று சில வேளை எண்ணுவதுண்டு.

ஆகவே, கூட்டத்தில் நிற்பதாகக் கனாக் கண்டோம் என்று வரும் அன்பர்களிடம் நாம் பலன் சொல்வதில்லை. பரிகாரமும் சொல்வதில்லை. ஒன்று கேட்கிறோம்: "உமக்குப் பின்னால் நின்றவர் யார்?" பெரும்பாலோர் திகைத்துவிடுகின்றனர். முன்னால் நின்றவரின் முதுகு, பூசகரின் கை, விழுந்த திரை ஆகியன நன்கு நினைவிருக்கும். பின்னால் திரும்பிப் பார்த்ததாக ஒருவரும் சொன்னதில்லை. தாம் நிற்பதாகக் கண்டவர், வேறு சிலருக்குத் தாமே வாயிலாக இருத்தலும் கூடும். வீட்டு வாசலில் கூலிக்கு நிற்பவர், தறிக்கூடத்தில் முன்பணத்துக்கு நிற்பவர், முதுமையில் மகன் ஒரு சொல் பேசுவான் என்று திண்ணையில் காத்திருக்கும் தாய் என்று எத்தனையோ பேர். இராசிபுரத்தில் ஓர் அம்மையார் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்து, பின் விடைபெற்றுச் சென்றார். மேற்கொண்டு நாம் ஒன்றும் கேட்கவில்லை.

திண்ணை என்றவுடன் நினைவுக்கு வருவது ஒன்றுண்டு. நந்தனார் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சேக்கிழார் நூலில் இல்லாத வேதியராகிய பண்ணையாரைக் கதையில் புகுத்தினார். நந்தனார் விடைபெறும்பொருட்டு ஆண்டைமுன் நின்றுநின்று தவிக்கும் பகுதி அதனால் வந்ததே. புராணத்தோடு மாறுபடுவது குறை என்பாருடன் நாமும் உடன்படுகிறோம். எனினும் காத்திருத்தலின் வேதனையை அதுபோல் மக்கள் நெஞ்சில் பதித்தது பிறிதொன்றில்லை. அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் சென்றார். இலக்கண வழுவும் கதை மாற்றமும் கருதிப் பிள்ளையவர்கள் பலமுறை காலம் தாழ்த்தினார். பாரதியார் சலிக்காமல் வந்துகொண்டே இருந்தார். ஒரு நண்பகல் அவர் வந்தபோது பிள்ளையவர்கள் உள்ளே உறங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனமின்றிப் பாரதியார் திண்ணையில் அமர்ந்து, நந்தனார் தில்லைத் தரிசனத்துக்கு ஏங்கும் தம் கீர்த்தனை ஒன்றை மெல்லப் பாடலானார். உள்ளே உறக்கம் கலைந்தது. பிள்ளையவர்கள் எழாமல் படுத்தபடியே கேட்டார். கேட்கக் கேட்கக் கண்ணீர் பெருகிற்று. எழுந்து கதவைத் திறந்து வெளியே வந்தார். அதன்பின் பாயிரம் தருவதற்கு அவர் தயங்கவில்லை.

திருச்சிற்றம்பலம்.